கொதிகலனைக் கவனித்தவர் யார்? ‘தி ஷைனிங்’ நாவலும் திரைப்படமும்

1980-இல் வெளியான ‘தி ஷைனிங்’ திரைப்படத்தில் பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு காட்சி உண்டு. பனியால் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்ட ஓவர்லுக் ஹோட்டலின் அடித்தளத்தில் வெண்டி கொதிகலன்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள். மேலே எங்கோ அவளுடைய கணவன் தூக்கத்தில் அலறும் சத்தம் கேட்கிறது. செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறாள். நாம் அவளோடு ஓடிவிடுகிறோம். கொதிகலன் அத்துடன் நம் நினைவிலிருந்து அகன்றுவிடுகிறது. நாவலைப் படித்துவிட்டுப் படத்துக்கு வருபவருக்கு மட்டும் அந்த இடத்தில் ஓர் இடறல் ஏற்படும். ஏனென்றால் நாவலில் அந்த வேலை அவள் கணவன் ஜாக் டாரன்ஸுடையது. கதை முழுவதும் சுழலும் அச்சே அந்தக் கொதிகலன்தான்.

ஸ்டீஃபன் கிங் எழுதிய நாவலுக்கும் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் ஏராளம். அறை எண், காரின் நிறம், கொலைக்கருவி, யார் சாகிறார், யார் பிழைக்கிறார் என்று அவற்றைப் பட்டியலிடுவது எளிது; பலமுறை செய்யப்பட்டும் இருக்கிறது. அந்த மாற்றங்களில் முக்கியமானவை பலவும் ஒரே ஒரு மாற்றத்தோடு ஒட்டி வளர்ந்தவை என்பதே இந்த ஆய்வின் துணிபு. ஜாக்கிடமிருந்து வேலை பறிக்கப்பட்டது. வேலை போனதும் அவன் மறப்பதற்கும் எதுவும் இல்லாமல் போயிற்று. இரு படைப்புகளின் முடிவுகளும் இங்கே வெளிப்படையாகப் பேசப்படும்.

நாவல் பிறந்த இடம்

1974-இன் இலையுதிர்காலத்தில் கிங்கும் அவர் மனைவியும் கொலராடோ மாநிலத்தின் எஸ்டெஸ் பார்க் ஊரிலுள்ள ஸ்டான்லி ஹோட்டலில் ஓர் இரவு தங்கினர். குளிர்காலத்துக்காக ஹோட்டல் மூடப்படவிருந்த நேரம் அது; அவர்களைத் தவிர விருந்தினர் யாருமில்லை. அறை எண் 217. அன்றிரவு தம் மூன்று வயது மகன் அந்த நீண்ட நடைக்கூடங்களில் ஒரு தீயணைப்புக் குழாயால் துரத்தப்படுவதாகக் கனவு கண்டு கிங் விழித்தெழுந்தார். அந்தக் கனவின் விளைவாக 1977-இல் வெளிவந்த நாவல்தான் இது. அவருடைய பெயரில் வெளியான மூன்றாவது நாவல்.

குடியும் கோபமும் வேலையிழப்பும் சேர்ந்து நொறுக்கிய ஒரு குடும்பத்தின் கதை இது. ஜாக் எழுத்தாளன், வெர்மான்ட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருந்தவன். தன் கையெழுத்துப் பிரதியின்மீது பீரைக் கொட்டிய மகன் டேனியின் கையை ஒருநாள் போதையில் உடைத்துவிடுகிறான். பின்னர் நண்பன் ஒருவனோடு குடித்துவிட்டுக் காரில் வரும்போது சாலையில் கிடந்த ஒரு சிறுவர் மிதிவண்டியின்மீது கார் ஏறுகிறது. குழந்தை எங்கும் இல்லை என்றாலும் அந்த இரவோடு இருவரும் குடியை நிறுத்துகிறார்கள். ஆனால் கோபம் நிற்கவில்லை. மாணவன் ஒருவனை அடித்ததால் வேலை போகிறது. அந்த நண்பனின் தயவால்தான் ஓவர்லுக்கின் குளிர்காலக் காவலர் வேலை கிடைக்கிறது. அதாவது, இந்த வேலை ஜாக்குக்குக் கடைசி வாய்ப்பு. இதையும் இழந்தால் குடும்பமும் போய்விடும் என்பது அவனுக்கும் தெரியும், வெண்டிக்கும் தெரியும், பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் கொண்ட ஐந்து வயது டேனிக்கு மற்ற இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

பிற்காலத்தில் கிங், தாம் தம்மைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்பதை உணராமலேயே இந்த நாவலை எழுதியதாகத் தம் எழுத்துலக நினைவு நூலில் ஒப்புக்கொண்டார். அவரும் அப்போது குடிக்கு அடிமையாக இருந்தார். படத்தின் மீது அவருக்கு இருந்த கோபத்தை எடைபோடும்போது இதை மறக்கக்கூடாது. திரையில் வேறொருவரால் மாற்றப்பட்ட மனிதன் ஓரளவுக்கு அவரே.

அழுத்தம் ஏறும் இயந்திரம்

நாவலின் தொடக்கத்திலேயே பராமரிப்பு ஊழியர் வாட்சன் ஜாக்கை அடித்தளத்துக்கு அழைத்துப்போய்ப் பழைய கொதிகலனைக் காட்டுகிறார். அதன் அழுத்தம் தானாகவே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். நாள்தோறும் இறங்கிப் பார்த்து, அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். மறந்தால் கட்டடமே வெடித்துச் சிதறும். குடியை விட்டவனின் நாளும் இதே போன்றதுதான். ஒரு நாளைக்குச் செய்தால் அந்த நாளைக்கு மட்டுமே செல்லும். மறுநாள் மீண்டும் படியிறங்க வேண்டும். கிங் இந்த ஒப்புமையை எங்கும் விளக்குவதில்லை, ஜாக்கைத் திரும்பத் திரும்ப அடித்தளத்துக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அதே அடித்தளத்தில்தான் ஹோட்டலின் இழிந்த வரலாறு முழுவதையும் செய்தித் துணுக்குகளாக ஒட்டிவைத்த பழைய தொகுப்பேடு அவன் கையில் சிக்குகிறது. கொதிகலனைப் பார்க்கப் போனவன் ஏட்டைப் படிக்க உட்கார்ந்துவிடுகிறான். கடமை இருக்கும் அறையிலேயே மயக்கமும் இருக்கிறது. ஒரு கட்டத்தில் அழுத்தம் அபாய அளவைத் தாண்டி ஏறுவதைப் பார்த்தபடியே, இது இப்படியே வெடித்துப்போகட்டுமே என்று அவன் ஒரு கணம் நினைக்கிறான். பிறகு பதறியடித்து அதைத் திறந்துவிடுகிறான். என் வாசிப்பில் நாவலின் மிக நேர்மையான இடம் இதுதான். அந்த ஒரு கணத்தில் ஜாக் மட்டுமே இருக்கிறான். எந்தப் பேயும் அவனிடம் எதையும் சொல்லவில்லை.

முடிவில் ஹோட்டல் அவனை முழுமையாக விழுங்கிவிடுகிறது. ரோக் என்னும் ஆட்டத்துக்கான நீண்ட மரச்சுத்தியலோடு மகனைத் துரத்தி மூலையில் நிறுத்தும் நேரத்தில், உண்மையான ஜாக் ஒரே ஒரு கணம் மேலெழுந்து வந்து, ஓடிப்போ, நான் உன்னை எவ்வளவு நேசிக்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள் என்று மகனிடம் சொல்கிறான். அடுத்து அந்த உருவம் தன் முகத்தையே சுத்தியலால் சிதைத்துக்கொள்கிறது. அப்பா மறந்ததை நீ நினைவுகொள்வாய் என்று முன்பே டேனிக்குச் சொல்லப்பட்டிருந்தது. டேனிக்கு இப்போது நினைவு வருகிறது: கொதிகலன். ஹோட்டல் வெடித்து எரிகிறது. ஒரு குடும்பத்தைக் கொல்ல மும்முரமாக இருந்ததால் ஓவர்லுக் தன் உயிரைக் காக்கும் வேலையைத் தானே மறந்தது. அந்த வேலையைச் செய்யவேண்டிய ஒரே மனிதனை அழித்தும்விட்டிருந்தது.

படத்தில் வேலையற்ற ஜாக்

குப்ரிக் இதையெல்லாம் நீக்கினார். கிங் எழுதிக்கொடுத்த திரைக்கதை வரைவைப் பயன்படுத்தாமல், நாவலாசிரியை டயான் ஜான்ஸனோடு சேர்ந்து புதிதாக எழுதினார். இருவரும் அந்த வேளையில் படித்தவற்றில் விசித்திர அச்சத்தைப் பற்றிய ஃப்ராய்டின் கட்டுரையும் தேவதைக் கதைகளைப் பற்றிய பெட்டல்ஹைமின் நூலும் இருந்தன. குடும்பத்தின் முன்கதையை விட, பழக்கமான வீடு திடீரென்று அந்நியமாகும் உணர்வே அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

விளைவு என்ன? ஜாக் நிக்கல்சனின் ஜாக் படம் முழுவதும் ஒரு காவலர் வேலையைக்கூடச் செய்து நாம் பார்ப்பதில்லை. சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து விளையாடுகிறான், தாமதமாக எழுகிறான், தட்டச்சு செய்கிறான். தட்டச்சுப் பொறியை விட்டால், ஹோட்டலின் இயந்திரங்களில் அவன் கைபடுவது வெளியுலகோடு பேசும் வானொலியிலும் பனிவண்டியிலும் மட்டும்தான். இரண்டையும் செயலிழக்கச் செய்வதற்காக. கொதிகலனைப் பார்ப்பது, சமைப்பது, வனத்துறையினரோடு வானொலியில் பேசுவது எல்லாம் வெண்டியின் பொறுப்பு. அந்தத் தொகுப்பேடும் படத்தில் இருக்கிறது, அவன் மேசையின்மீது திறந்து கிடக்கிறது. ஆனால் யாரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. நாவலைப் படிக்காதவருக்கு அது வெறும் மேசைப் பொருள்.

நாவலின் ஜாக் எழுதும் நாடகத்துக்கும் இதே கதிதான் நேர்கிறது. கொடுமைக்காரத் தலைமையாசிரியருக்கும் ஒரு மாணவனுக்கும் இடையிலான மோதல் அந்த நாடகம். எழுத எழுத, மாணவன்மீது இருந்த பரிவு வற்றி, ஜாக்கின் அனுதாபம் தலைமையாசிரியர் பக்கம் சாய்கிறது. அவன் எப்படி மாறுகிறான் என்பதை அளந்துகாட்டும் கருவியாக அந்த நாடகத்தைக் கிங் பயன்படுத்துகிறார். படத்தில் நாடகம் கிடையாது. ஒரே பழமொழி தாள் தாளாக, வெவ்வேறு பத்தி அமைப்புகளில் தட்டச்சிடப்பட்டிருப்பதை வெண்டி கண்டுபிடிக்கிறாள். நாவலில் இல்லாத இந்தக் காட்சி படத்தின் மிகச் சிறந்த அச்சக் காட்சிகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது காட்டுவது ஒரு மாற்றத்தை அல்ல. அவன் எப்போது மாறினான் என்ற கேள்வியே அந்தத் தாள் குவியலின் முன் பொருளிழக்கிறது. முதல் தாளிலேயே அவன் அப்படித்தான் இருந்திருக்கிறான்.

நிக்கல்சன் முதல் காட்சியிலேயே பைத்தியக்காரனைப் போல இருக்கிறார், எனவே வீழ்ச்சிக்கு இடமில்லை என்பது கிங்கின் புகழ்பெற்ற குறை. அழகான பெரிய கார், உள்ளே எஞ்சின் இல்லை என்றும் அவர் அந்தப் படத்தைச் சொன்னதுண்டு. இந்தக் குறை பாதி சரி. நடிகரின் புருவத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அடக்கமான முகம் கொண்ட ஒரு நடிகரை அந்த இடத்தில் வைத்திருந்தாலும் வீழ்ச்சி தெரிந்திருக்காது, ஏனென்றால் தவறவிடுவதற்கென்று அவன் கையில் எதுவும் கொடுக்கப்படவில்லை.

உள்ளிருந்தும் வானிலிருந்தும்

நாவலின் முதல் வாக்கியமே ஜாக்கின் மனத்துக்குள் ஓடும் ஒரு வசவு. நேர்காணல் நடத்தும் மேலாளர் உல்மனை அவன் மனத்துக்குள் திட்டுகிறான். முகத்தில் புன்னகையை ஒட்டிவைத்திருக்கிறான். முதல் வரியிலேயே நாம் அவன் மண்டைக்குள் இருக்கிறோம், அவனுடைய கோபம் நமக்கு நியாயமாகவும் படுகிறது. படம் வானிலிருந்து தொடங்குகிறது. மொன்டானாவின் பனிமலைப் பூங்காவில் எடுக்கப்பட்ட அந்த வான்காட்சியில், மலைப்பாதையில் ஊரும் சின்னஞ்சிறு மஞ்சள் வண்டியை ஏதோ ஒன்று பின்தொடர்கிறது. இறுதித்தீர்ப்பு நாளைப் பற்றிய பழைய இலத்தீன் இரங்கற்பாவின் மெட்டு மின்னணு இசையாக ஒலிக்கிறது. நேர்காணலில் உல்மன் இனிமையானவர். ஜாக்குக்குக் கோபப்படக் காரணமே இல்லை. கேமரா அவன் மனத்துக்குள் நுழையவும் முயல்வதில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் உயிரைப் போல வெளியிலிருந்து பார்க்கிறது.

இதன் இழப்பு பெரிது. ஜாக்கின் தந்தை படத்தில் அடியோடு இல்லை. உணவு மேசையில் தாயைக் கைத்தடியால் அடித்த அந்தக் குடிகாரத் தந்தையின் குரலை நாவலின் ஜாக் வானொலியில் கேட்கிறான். மகனைக் கொல் என்று அது சொல்ல, வெறியோடு வானொலியை உடைக்கிறான். ஆக, நாவலில் வானொலி உடைவது எதிர்ப்பின் விளைவு. தந்தையை வாயடைக்கப் போனவன் தன் குடும்பத்தின் வாயையும் சேர்த்து அடைத்துவிடுகிறான். படத்தில் அதே செயல் குளிர்ந்த திட்டமிடல். நிகழ்வு ஒன்றே, பொருள் நேரெதிர்.

ஆனால் வெளியிலிருந்து பார்ப்பதாலேயே படத்துக்குக் கிடைத்தவையும் உண்டு. காரெட் பிரவுன் கையாண்ட, ஆட்டமின்றி நகரும் ஸ்டெடிகாம் கேமரா தரையை ஒட்டி டேனியின் மூன்றுசக்கர வண்டியைப் பின்தொடரும்போது, சக்கரம் மரத்தரையில் கடகடத்து, கம்பளத்தில் அடங்கி, மீண்டும் கடகடக்கும் அந்த ஒலி மாற்றத்தை எந்த உரைநடையும் தர முடியாது. பேய்கள் உண்மையா, மனப்பிறழ்வா என்ற ஐயத்தையும் படம் நெடுநேரம் காக்கிறது. ஜாக் ஆவிகளோடு பேசும் இடங்களில் கண்ணாடிகள் இருப்பதைப் பலர் சுட்டியிருக்கிறார்கள். அவன் தன்னோடுதான் பேசுகிறான் என்று கொள்ள இடமிருக்கிறது. உணவுக் கிடங்கின் தாழ்ப்பாளை வெளியிலிருந்து யாரோ நீக்கும் ஒலி கேட்கும்போது அந்த ஐயம் முடிவுக்கு வருகிறது. ஒரு தாழ்ப்பாளின் ஒலிக்காக அவ்வளவு நேரம் காத்திருந்த இயக்குநரின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

வெண்டியும் ஹாலோரனும்

படத்தின் வெண்டி பெண்ணை இழிவுபடுத்தும் பாத்திரம் என்று கிங் 2013-இல் பிபிசி பேட்டியில் கடுமையாகச் சொன்னார். கத்துவதும் அசட்டுத்தனமாக இருப்பதுமே அவளுக்கு வாய்த்த வேலை என்பது அவர் வாதம். இதை நான் அரைமனத்தோடுதான் ஏற்கிறேன். படத்தில் செயல்படுபவள் அவள்தான். கணவனை மட்டையால் வீழ்த்தி, இழுத்துப்போய்க் கிடங்கில் பூட்டுகிறாள். கதவு பிளந்து உள்ளே நுழைந்த கையைக் கத்தியால் வெட்டுகிறாள். காவலர் வேலையைச் செய்தவளும் அவளே. நாவலில் அவளுக்கு இருந்து படத்தில் பறிபோனவை வேறு: மணவிலக்குப் பற்றிய நீண்ட தயக்கம், தாயோடு தீராத பகை, மகன் தந்தையையே அதிகம் நேசிக்கிறான் என்ற பொறாமை. செயல் மிஞ்சியது, மனம் போயிற்று. நடித்த ஷெல்லி டுவாலுக்கு மோசமான நடிகைக்கான ராஸி விருதுப் பரிந்துரை அளிக்கப்பட்டதும், நாற்பதாண்டுகளுக்குப் பிறகு 2022-இல் அதே அமைப்பு அதைத் திரும்பப் பெற்றதும், அந்த நடிப்பைப் பார்க்கும் கண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் காட்டும்.

ஹோட்டல் சமையற்காரர் ஹாலோரனின் நிலை இன்னும் கடுமையானது. டேனியின் மனக்கூவலைக் கேட்டு ஃப்ளோரிடாவிலிருந்து பனிப்புயலில் வந்துசேரும் அவர், நாவலில் அடிபட்டும் பிழைத்து, தாயையும் மகனையும் காப்பாற்றி, கடைசி அத்தியாயத்தில் மெய்ன் மாநிலத்து ஏரிக்கரையில் டேனியோடு அமர்ந்து துயரத்தைத் தாங்குவது பற்றிப் பேசுகிறார். படத்தில் உள்ளே நுழைந்ததும் கோடரி அவர் மார்பில் இறங்குகிறது. அவர் ஓட்டிவந்த பனிவண்டி மட்டும் மற்ற இருவருக்கும் பயன்படுகிறது. முக்கியக் கறுப்பின மாந்தரை இப்படி வண்டி கொண்டுவரும் கருவியாக்கியதை நியாயப்படுத்துவது கடினம். அந்த நெடும்பயணத்தை அவ்வளவு விரிவாகக் காட்டியதும், நாவல் வாசகரை ஏமாற்றும் நோக்கத்தோடுதான் என்று தோன்றுகிறது. அதே பயணத்தில் சாலையோரம் ஒரு லாரியின் அடியில் நசுங்கிய சிவப்பு வோக்ஸ்வாகன் தெரிகிறது. நாவலில் டாரன்ஸ் குடும்பத்தின் கார் சிவப்பு வோக்ஸ்வாகன், படத்தில் மஞ்சள். குப்ரிக் வேண்டுமென்றே செய்த குறும்பு என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

தீயும் பனியும்

நாவலில் ஹோட்டல் முற்றத்துச் செடிகள் சிங்கம், முயல், நாய் வடிவங்களில் கத்தரிக்கப்பட்டவை. யாரும் பார்க்காதபோது அவை நகர்கின்றன. அன்றைய தந்திரக்காட்சிகளால் இதை நம்பும்படி காட்ட இயலாது என்பதால் குப்ரிக் அதற்குப் பதிலாகச் செடிவேலிப் புதிர்ப்பாதையை வைத்தார். அந்த முடிவு சரிதான் என்பதை 1997-இல் கிங்கே எழுதி மூன்று பகுதிகளாக வந்த தொலைக்காட்சித் தொடர் நிறுவியது. நாவலுக்கு அவ்வளவு விசுவாசமான அத்தொடரில், கணினியில் வரைந்த செடிச்சிங்கங்கள் அச்சத்தை விடச் சிரிப்பையே வரவழைத்தன.

ஆனால் புதிர்ப்பாதை வெறும் மாற்றுப்பொருளாக நிற்கவில்லை. கொதிகலன் காலிசெய்த இடத்தை அது நிரப்பியது. நாவலின் டேனி நினைவாற்றலால் வெல்கிறான். படத்தின் டேனி பனியில் தன் காலடித் தடங்களின்மீதே பின்னோக்கி நடந்து, தடத்தை முறித்து, ஒதுங்கி ஒளிந்து தப்புகிறான். ஜாக் வழி தெரியாமல் உறைந்து சாகிறான். மகனிடம் சொல்ல அவனுக்கு ஒரு கடைசி வார்த்தையும் இல்லை. ஹோட்டல் எந்தச் சேதமுமின்றி நிற்கிறது; அதன் சுவரில் 1921-ஆம் ஆண்டு ஜூலை 4 விருந்தின் புகைப்படத்தில் ஜாக் நடுவில் நின்று சிரிக்கிறான். தம் நூல் சூடானது, படம் குளிர்ந்தது. நூல் தீயில் முடிகிறது, படம் பனியில் முடிகிறது என்று கிங் சொன்னது மிகச் சரியான விமர்சனம். நகைமுரணாக, 1979-இல் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் மூண்ட தீயில் படத்துக்காகப் போடப்பட்ட அரங்கு ஒன்று அழிந்தது. திரையில் எரியாத ஓவர்லுக் படப்பிடிப்பில் எரிந்தது.

பேய்க்கதைகள் அடிப்படையில் நம்பிக்கையானவை அல்லவா, இறப்புக்குப் பின்னும் ஏதோ இருக்கிறது என்கின்றனவே என்று குப்ரிக் ஒருமுறை தொலைபேசியில் கேட்டதாகவும், அப்படியானால் நரகம் என்று தாம் திருப்பிக் கேட்க, நரகத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் பதிலளித்ததாகவும் கிங் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நரகம் இல்லாத உலகில் மீட்பும் தேவைப்படாது. குப்ரிக் எடுத்தது அப்படிப்பட்ட படம்.

இந்தப் பிணக்கு நாற்பதாண்டுகள் கழித்து விந்தையான முறையில் ஆறியது. கிங் 2013-இல் எழுதிய தொடர்ச்சி நாவலான ‘டாக்டர் ஸ்லீப்’பில் ஓவர்லுக் எரிந்துபோன வெற்றிடம். 2019-இல் அதைப் படமாக்கிய மைக் ஃப்ளானகன், குப்ரிக்கின் ஹோட்டலை அதே வடிவில் மீண்டும் எழுப்பி, வளர்ந்த டேனியை அதன் அடித்தளத்துக்கு இறக்கி, கொதிகலனை வெடிக்கவைத்தார். தந்தைக்கென எழுதப்பட்டு 1980-இல் கைவிடப்பட்ட முடிவு மகனிடம் வந்து சேர்ந்தது. குப்ரிக் படத்தில் தமக்குப் பிடிக்காதிருந்தவை இதில் ஈடுசெய்யப்பட்டன என்று கிங் கூறினார்.

வெளிக்காட்சிகளுக்குப் பயன்பட்ட ஓரிகன் மாநிலத்து டிம்பர்லைன் விடுதி, 217-ஆம் அறையில் யாரும் தங்கமாட்டார்கள் என்று அஞ்சி எண்ணை மாற்றச் சொன்னதால்தான் நாவலின் 217-ஆம் அறை படத்தில் 237 ஆனது. அந்த எண்ணில் அங்கே அறையே இல்லை. இன்று அங்கே விருந்தினர் அதிகம் கேட்பது 217-ஐத்தான். கிங் கனவு கண்ட ஸ்டான்லி ஹோட்டலின் முற்றத்திலோ, நாவலில் எங்கும் இல்லாத செடிவேலிப் புதிர்ப்பாதை ஒன்று 2015-இல் நடப்பட்டது. வந்த விருந்தினர்கள் அதைத் தேடிக்கொண்டே இருந்தார்களாம்.